அஸ்திவாரக் குழியில் கேட்ட குரல்

வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு வருகிற சகோதரிகள் பலமுறை கேட்டும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. குரங்கணிக்கு மேலே, மலைச்சரிவில் எங்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. காயை உலர்த்த இடமில்லை. ஈரக்காயைச் சாக்கில் கட்டிப் போடிச் சந்தைக்கு இறக்குவதற்குள் பாதி கறுத்துவிடும். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவார். "இந்த வருசமும் அழுகுச்சுன்னா தோட்டத்தக் குடுத்துட்டு எங்கிட்டாச்சும் போயிரலாம்" என்றார். கடைசி முயற்சியாக, காயை உலர்த்தத் தோட்டத்திலேயே ஒரு கட்டடம் கட்டுவது என்று முடிவு செய்தோம்.

ராசிங்காபுரத்திலிருந்து வேலுக் கொத்தனார் வந்தார். மண் வெட்டக் குட்டப்பன் என்ற மலையாளத்துக்காரர். முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, அஸ்திவாரத்துக்குக் குழி எடுக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலையில் நூல் தொய்ந்து கிடந்தது. முளைக்குச்சி பிடுங்கப்படவில்லை, சாயவும் இல்லை. நின்றபடியே இடம் மாறி இருந்தது. குழியும் ஒடுங்கியிருந்தது. வெட்டி அகலப்படுத்தினார்கள். அடுத்த காலையிலும் அதே கதை.

"பன்னி கிண்டியிருக்கும் தாயி" என்றார் கொத்தனார். பன்றியின் தடம் ஒன்றுகூட அங்கே இல்லை. எங்கள் நாய் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. ஒருநாள் குழியின் ஓரத்தில் குனிந்தேன். உள்ளே யாரோ புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சத்தம். சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தது. அன்று காலை, ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் குழியோரம் சூடம் ஏற்றினேன். காற்றே இல்லை. ஆனாலும் சுடர் நிமிர்ந்து எரியாமல், குழியைப் பார்த்துக் கீழே வளைந்தது. மண் அதை உள்ளே இழுப்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆத்தா, இந்த மண்ண நிறுத்திக் குடு. எங்களுக்கு வேற கதி இல்ல" என்று விழுந்து கும்பிட்டேன்.

அப்புறம் என் வீட்டுக்காரர், கொத்தனார், குட்டப்பன் மூவரும் குழிக்குள் இறங்கினார்கள். நான் மேலே, கொட்டகையில் உலை வைத்துக்கொண்டிருந்தேன். பறவைச் சத்தம்கூட இல்லை. திடீரென்று மூன்று பேரும் ஏறி என்னிடம் வந்தார்கள்.

"என்ன சோலி? எதுக்குக் கூப்பிட்ட?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் கூப்பிடலயே."

"வெரசா வாங்கன்னு கத்துனியே!"

கொத்தனார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அண்ணே, அது தாயி குரல் இல்ல. என்னயப் பெத்த ஆத்தா குரலு. அது செத்து எம்புட்டு வருசமாச்சு."

குட்டப்பனும் தன் அம்மா கூப்பிட்டதாகத்தான் சொன்னார்: "எனிக்கு எண்ட அம்மயாணு. வா மோனேன்னு விளிச்சு."

எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு எரிச்சல். "மழைக்குளிருல காது அடைச்சுருக்கு. கடப்பாரை உள்ளயே கிடக்கு, எடுத்துட்டு வர்றேன்" என்று திரும்பினார். அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இறங்காதீக. நான் கும்பிட்டவ கூப்பிட்டிருக்கா. இறங்கவே கூடாது."

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. துணி கிழிகிற மாதிரிதான் கேட்டது. குழிக்கு மேல்பக்கம், நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே, மண் வாய் பிளந்தது. குழி, கல், முளைக்குச்சி எல்லாம் சேர்ந்து, அந்தச் சரிவே மெல்லக் கீழே போனது. மரங்கள் சாயாமல், நின்றபடியே நடந்து போயின. பிறகு ஓடைப்பக்கம் இடி மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். வேட்டியைப் பிடித்த என் கையை யாராலும் பிரிக்க முடியவில்லை.

மண்ணை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். அவள் நிறுத்தவில்லை. மூன்று உயிரைக் கொடுத்தாள். எனக்கு ஏன் குரல் கேட்கவில்லை என்று வெகுநாள் குமைந்தேன். குழிக்குள் நின்றவர்களைத்தானே கூப்பிட வேண்டும்!

அடுத்த கோடையில் தோட்டத்தின் மறுபக்கம் பாறை தட்டுகிற இடமாகத் தேடினோம். கொத்தனார் சோதனைக் குழி வெட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்து, அதன் பிறகே கல் வைத்தார். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. காய் பச்சை மாறாமல் காய்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது தட்டில் சோறு மிச்சம் வைப்பதில்லை.

சகோதரிகளே, கேட்டது கேட்டபடி கிடைக்கவில்லை என்று அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, என்ன கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்.

நான் மலையில் இருக்கும்போது யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதே இல்லை. எவ்வளவு தூரமானாலும் நடந்துபோய்த்தான் சொல்வேன். எங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். என் குரல் கேட்டால், கூப்பிடுவது நானில்லை, அவள்தான் என்று உடனே வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள்.