இடது கை முடிச்சு

பேய் பிசாசுக் கதையை யாராவது ஆரம்பித்தால் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். சேலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், சாயங்காலம் ஜெபமாலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத விஷயத்தோடு எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. போதாததற்கு இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு ரூமில் வேலை, காகிதத்தில் இல்லாததை நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே. நீங்கள் இப்போதே லேசாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், முழுசாகக் கேட்டுவிட்டு மிச்சத்தையும் சிரித்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆபீஸைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு காலத்தில் பெரிய ஊராக இருந்தது, அவ்வளவு போதும். இன்றைக்கு அந்த வழியாகப் போகிற லாரிக்காரர்கள் டீ குடிக்கக்கூட நிறுத்துவதில்லை, ஆனால் அன்றைக்கு மேச்சேரிப் பக்கத்துக் காகிதம்கூட எங்கள் ஊருக்குத்தான் வந்து சேரும். அதெல்லாம் என் ரூமில் இருக்கிறது. எந்த ஏரிக்கு எப்போது மதகு வைத்தார்கள், எந்தத் தெருவில் யார் வீட்டில் எத்தனை தறி ஓடியது, மாட்டுத் தாவணிச் சந்தைக்கு எந்தெந்த ஊரிலிருந்து மாடு வந்தது, மேட்டூர் அணைக்காக வீட்டை விட்டவர்கள் எங்கெங்கே குடியேறினார்கள், துணியில் ஒட்டிய வரைபடங்கள், தெலுங்கில் எழுதிய மனுக்கள், எல்லாம் சிவப்புத் துணியில் கட்டுக் கட்டாக இருக்கிறது. கரையான் வராமல் கட்டுக்குள் வசம்பு வைத்திருக்கிறேன். பெரிய ஊர்களிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் எங்கள் அலமாரியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இன்னொரு விஷயம் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை இல்லை. நான் பிறவி இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து எழுதுவதை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், மற்றதெல்லாம் இன்னும் இடது கைதான். ஆகவே கட்டுக்கு நாடா கட்டினால் என் முடிச்சு தலைகீழாக விழும். இரண்டு சுற்று சுற்றி, நடுவே ஒரு முறுக்கு முறுக்கி, வாலை உள்ளே செருகி, இடது பக்கம் வளையமாக ஒரு காது விடுவேன். அந்த முறுக்கு எதற்கு என்று கேட்டால் தெரியாது, கை அப்படிப் போகும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு அது ஒரே இழுப்பில் அவிழும், மற்றவர்கள் இழுத்தால் இறுகும். எங்கள் ஆபீஸ் உதவியாளர் மாரியண்ணன் தலையிலடித்துக்கொள்வார்.

"ஏனுங் மேடம், நீங்க கட்டுனா அவுக்கறதுக்கும் நீங்கதான் வரோணுமுங்க. ரிட்டையர் ஆனப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஊட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போங்கண்ணே, வந்து அவுத்துக் குடுக்கறேன்" என்று நானும் அவர் பாஷையிலேயே கிண்டலாகச் சொல்வேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், பாவாயி என்று ஒரு பெண் வந்தாள். மேச்சேரிப் பக்கத்து ஊர், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆடு மேய்க்கிற குடும்பம். அவர்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்கிற தரையில் ஒருவர் வேலி போட்டுவிட்டார், தன் பட்டா நிலம் என்கிறார். மறுநாள் பதினோரு மணிக்கு விசாரணை. மேய்ச்சல் தரை என்று எழுதிய பழைய காகிதம் இருந்தால் தரை ஊருக்கு, இல்லாவிட்டால் வேலி போட்டவருக்கு. அது எங்கே கிடைக்கும் என்று நாலு ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்திருந்தாள்.

"ஆட்டை வித்துப்போட்டு மில்லு வேலைக்குப் போங்கறாங்க மேடம். நாப்பது குடும்பமுங்க, எல்லாத்துக்கும் இந்த ஆடுதானுங்க பொழப்பு. காயிதம் இருக்குமுங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். "என் ரூமிலிருந்து ஒரு காகிதம் காணாமல் போனதில்லை. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றேன். அப்படி ஒரு திமிர்.

அட்டவணையில் அந்த ஊர் இருந்தது. பழைய நில அளவைப் பதிவேடு, அலமாரி எண், தட்டு எண், எல்லாம் சரியாக இருந்தது. போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு கட்டு அளவுக்கு வெற்றிடம். பக்கத்துத் தட்டு, மேல் தட்டு, கீழ்த் தட்டு, மாரியண்ணன் ஏணி போட்டு உச்சி வரைக்கும் பார்த்தார், இல்லை. அதிகாரி எட்டிப் பார்த்து, "இல்லேன்னா இல்லேன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம், மூணு மணிக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'கிடைக்கப்பெறவில்லை' என்று அச்சடித்த கடிதம் என் மேஜைக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில், நம்பினால் நம்புங்கள், அந்த வார்த்தைக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேப்பமரத்தடியில் பாவாயி தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேனாவை மூடிவிட்டு ஒரே ஒரு தடவை என்று உள்ளே போனேன். மணி ரெண்டரை இருக்கும், வெளியே நல்ல வெயில், கரண்ட் வேறு போய்விட்டது, உள்ளே இருட்டு. கடைசி வரிசையில் மேட்டூர் அணைக் காகிதக் கட்டுகள் வைத்திருக்கிற இரும்பு ராக்கைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள், பின்னால் ஒரு கை நுழைகிற சந்து. அங்கே எதுவும் வைப்பதில்லை. ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. மாதாவே, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே ராக்கில் சாய்ந்தேன், இடது கை தானாகச் சந்துக்குள் போயிற்று. வசம்பு வாசனை குப்பென்று வந்தது. கையில் துணி பட்டது, நாடா பட்டது, விரல் ஒரு காதைப் பிடித்து இழுத்தது, அவிழ்ந்தது.

அவ்வளவுதான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கட்டை வெளியே இழுத்தேன், விரலளவு தூசி, சிவப்புத் துணி செங்கல் நிறத்துக்கு வெளுத்துத் தொட்டாலே உதிர்ந்தது. ஜன்னலோரம் கொண்டுவந்து துடைத்தால் அந்த ஊரின் பெயர். உள்ளே பதிவேடு. மேல் சீட்டில் இருந்த வருஷம், நான் மட்டுமில்லை, என் அம்மாவே பிறக்காத வருஷம். அதற்கப்புறம் பிரித்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பக்கத்தைப் புரட்டினேன், ஆடு மாடு மேய்ச்சல் தரை, ஊர்ப் பொது என்று கறுப்பு மையில் பளிச்சென்று எழுதியிருந்தது. சந்தோஷத்தில், "மாரியண்ணே!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார். பதிவேட்டைப் பார்க்கவில்லை, கட்டைப் பார்த்தார். கட்டுக்குக் குறுக்கே ஒரு நாடா, நெடுக்கே ஒரு நாடா. குறுக்கு நாடாவைத்தான் நான் அவிழ்த்திருந்தேன், பதிவேடு பக்கவாட்டில் உருவி வந்துவிட்டது. நெடுக்கு நாடா அவிழாமல் அப்படியே இருந்தது.

"இது நீங்க கட்டுனதுங்களே, மேடம்."

நான் பார்த்தேன். இரண்டு சுற்று. நடுவே ஒரு முறுக்கு. வால் உள்ளே. இடது பக்கம் காது.

"இல்லண்ணே" என்றேன். அப்போதுதான் உறைத்தது, இருட்டில், பார்க்காமல், ஒரே இழுப்பில் எப்படி அவிழ்ந்தது என்று. மற்றவர்கள் கட்டிய முடிச்சோடு நான் தினமும் மல்லுக்கு நிற்கிறவள். அந்தக் காதைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

நகல் எடுத்து முத்திரை போட்டு மூன்று மணிக்கு முன்னால் பாவாயி கையில் கொடுத்தேன். அவள் படிக்கத் தெரியாதவள், காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கோணும் சாமி, மேடம்னு கூப்புட வாய் வரலீங்க" என்று சொல்லி அழுதாள், நானும் அழுதேன். வேலியைப் பிரித்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு கிடாய்க்குட்டி தருகிறேன் என்று நிற்பாள், நான் வாங்க மாட்டேன், டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

நீங்கள் சொல்ல வருவது தெரிகிறது. அந்தக் காலத்திலும் ஒரு இடது கைக்காரர் வேலை பார்த்திருப்பார் என்கிறீர்கள். இருக்கட்டும், நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அந்த முறுக்கு? சரி, அதையும் விடுங்கள், அவருக்கும் கை அப்படிப் போயிருக்கும்.

ஆனால் அந்தச் சந்தில் அன்றைக்கே இன்னும் இரண்டு கட்டுகள் என் கையில் பட்டன. மறுநாள் இழுத்து வைத்தோம். இரண்டிலும் அதே முடிச்சு. உள்ளே எந்த ஊர்க் காகிதம் என்று தெரியாது, மேல் சீட்டு செல்லரித்துவிட்டது. ஒன்றை மாரியண்ணன் அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தார், இறுகியதே தவிர அவிழவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவரட்டுமா என்றார், என் ரூமில் எந்தக் கட்டையும் வெட்ட விட்டதில்லை, வெட்டவும் விடமாட்டேன். 'இரண்டு கட்டு, பிரிக்கப்படவில்லை' என்று என் கையால் அட்டவணையில் ஏற்றினேன். என்னால் ஒரு நொடியில் அவிழ்க்க முடியும். காதைத் தொட்டால் கை பின்னால் வந்துவிடுகிறது. யாரோ கேட்டு வருவார்கள், அன்றைக்கு அவிழும் என்று இருக்கிறேன்.

வருகிற மே மாதம் எனக்கு ஓய்வு. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் அங்கேயே வந்துவிடு என்கிறாள், வீடுகூடப் பார்த்து வைத்திருக்கிறாள். நான் ஆபீஸுக்கு எதிர்த் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. மாரியண்ணனிடம் மட்டும் வீட்டைக் காட்டி வைத்திருக்கிறேன்.