கமிஷனர் பக்கம் நின்ற அம்சவல்லி

புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டில் எந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும், எது அடுத்தது என்று சொல்கிறவள் அம்சவல்லி. உயரம் நாலடி பத்தங்குலம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அங்கே முறை என்று ஒன்று கிடையாது. திருப்பத்தூர் பஸ் வந்து நின்றதும் டிரைவர்கள் ஓடிப்போய் இறங்குகிறவர்களின் பையைப் பிடுங்குவார்கள். பை எந்த ஜீப்பில் ஏறுகிறதோ ஆளும் அதில்தான் ஏற வேண்டும். ஒருநாள் ஒரே ஆளின் பை ஒரு ஜீப்பிலும் அரிசி மூட்டை இன்னொரு ஜீப்பிலும் போய்விட்டது. இரண்டு டிரைவர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருந்த அம்சவல்லி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மேஜை டிராயரில் கிடந்த பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்து ஊதினாள். இருவரும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்கள்.

“எரும கணக்கா வளந்து கீறீங்க, லைன்ல நிக்கத் தெரியாதா?” என்று கேட்டாள்.

மறுநாளே டிரைவர்கள் ஒரு நோட்டை வாங்கி வந்து அவள் கடையில் வைத்தார்கள். “நீயே முறை சொல்லுக்கா. நீ சொன்னா யாரும் பேச மாட்டாங்க” என்றான் சேட்டு. அன்று சண்டை போட்ட இருவரில் அவனும் ஒருவன்.

அந்த விசில் கூடைப்பந்து மைதானத்திலிருந்து வந்தது. அம்சவல்லி படித்த மலைப்பள்ளி விடுதியில் வலையில்லாத ஒரு வளையம் இருந்தது. பெண்களுக்கு வேறு எதுவும் விளையாட இல்லாததால் அவள் அதில் பந்து போட ஆரம்பித்தாள். குள்ளமாக இருந்தாலும் பந்தைத் தரையோடு தட்டிக்கொண்டு நெட்டைப் பெண்களின் நடுவே புகுந்து போய்விடுவாள். அந்தத் திறமை அவளை வேலூர் விளையாட்டு விடுதிக்குக் கொண்டுபோனது. மூன்று வருடம் அங்கே ஆடினாள். மாநில அணிப் பட்டியலில் பேர் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்த சாயங்காலம் தோழிகளோடு போய் வயிறாரப் பிரியாணி சாப்பிட்டாள், மறுநாள் மலையேறி வந்துவிட்டாள். பிறகு கோவிந்தனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குச் சாமைக் கொல்லையும் ஆறு புளியமரமும் இருந்தன. வாழ்க்கையில் பெரிய குறை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றுமில்லை.

பந்து மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் டவர் வந்த பிறகு அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆட்டங்கள் அவள் கைக்குள் வந்தன. அங்கே ராத்திரி ஆடுவது இங்கே காலை ஆறு, ஏழு மணிக்கு வரும். முதல் பஸ் வருவதற்குள் பாதி ஆட்டமாவது பார்த்துவிடுவாள்.

அப்படித்தான் ‘ஞாயிறு வளையம்’ என்ற குழுவில் சேர்ந்தாள். கணியம்பாடியில் டயர் கடை வைத்திருக்கும் அருண்ராஜ் நடத்துவது. தமிழ் பேசும் கூடைப்பந்துப் பைத்தியங்கள் நாற்பது பேர், வேலூர், கோவை, துபாய், அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் கூடி வாய்ச்சண்டை போடுவார்கள். அந்த வருடம் முழுக்கச் சண்டை ஒரே ஆளைப் பற்றித்தான்: லீக்கை நடத்தும் தலைமை அதிகாரியான கமிஷனர். சீசன் நீளம், நடுவர்கள் சரியில்லை, பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு என்று சொல்லி ஆட்டத்துக்கு ஆட்டம் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவரோ அணி முதலாளிகளைத் தவிர யார் பேச்சையும் கேட்பதில்லை. அவரை மாற்ற வேண்டும் என்பதுதான் பெரும்பாலானவர்கள் கட்சி.

அம்சவல்லி மட்டும் கமிஷனர் பக்கம் நின்றாள்.

“முப்பது முதலாளி, நானூத்திச் சொச்சம் ஆட்டக்காரங்க. அத்தினி பேரையும் ஒருத்தன் மேய்க்கிறதுன்னா சும்மாவா?” என்று கத்துவாள். “எல்லாரும் சமமாத் திட்டுறாங்கன்னா அந்தாளு சரியாத்தான் செய்றாருன்னு அர்த்தம்!”

பக்கத்துக் கொல்லைப் பெரியம்மாள் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னாடா, உம் பொண்டாட்டி வாராவாரம் கமிஷனரு கமிஷனருன்னு சண்ட போடுது? போலீஸ் கேஸு எதனா ஆயிப்போச்சா?”

“அது அமெரிக்கா கேஸு அத்த. நம்ம வூடு வரைக்கும் வராது” என்றான் கோவிந்தன்.

அவள் கமிஷனருக்காக வாதாடியதில் சொந்தக் காரணமும் இருந்தது. முறை நோட்டு கைக்கு வந்த நாளிலிருந்து டிரைவர்களிடம் அவள் வாங்காத பேச்சில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்களுக்காக ஒரு விதியும் போட்டாள். ஜீப்புகள் போகிற நெல்லிவாசல் ஊருக்குப் பாதை குண்டும் குழியுமானது. நாலு தடவை போய் வந்தால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் மூன்று ட்ரிப் ஓட்டியவன், சாயங்காலம் நாலு மணிக்குப் போகிற நாலாவதுக்கு எட்டுப் பேர் சேராவிட்டால் வண்டியை எடுக்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். விதி வந்ததும் டிரைவர்கள் அவளுக்குச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் குறை சொன்னதில்லை. தான் நல்ல தலைமை என்று அவளுக்கே ஒரு நினைப்பு இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சண்டை உச்சத்தில் இருந்தபோது புதுக் குரல் ஒன்று வந்தது. ஆரணிக்காரி, பேர் ரேணுகாதேவி, அமெரிக்காவில் நர்ஸ். இத்தனை மாதம் குழுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்றாள். “போன மாசம் எங்கப்பா இங்க வந்திருந்தாரு. தறி நெய்றவரு. அவருக்கும் எனக்கும் ஒரே ஆட்டக்காரன்தான் உசுரு. டிக்கெட் எடுத்துட்டேன். குளிர்ல ஸ்வெட்டர் மேலயே அவன் நம்பர் போட்ட பனியன மாட்டிக்கினு, மூணு மணி நேரம் பஸ்ல வந்தாருங்க. உள்ள போய் உக்காந்தா, அவன் கோட்டு சூட்டு போட்டுக்கினு ஓரமா உக்காந்து கீறான். காயம் ஒண்ணுமில்ல. ஓய்வாம்.”

அவள் நிறுத்தாமல் மேலே சொன்னாள்.

“அப்பா திட்டல. ‘பரவால்லம்மா, மூஞ்சியாவது பாத்தோமே’ன்னாரு. அதான் எனக்குத் தாங்கல. முதலாளி கமிஷனருகிட்ட போன் பண்ணிப் பேசலாம். ஆட்டக்காரன் சங்கம் வச்சிப் பேசலாம். எங்கப்பா யாருகிட்ட பேசுவாரு? நீங்க சொல்றீங்களே, எல்லாரும் சமமாத் திட்டுறாங்கன்னு. எங்கப்பா திட்டுறது அவரு காதுல வுழுதாங்க?”

அம்சவல்லி “சிக்னல் சரியில்ல” என்று பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் திங்கள். வழக்கமாக மூன்றரை மணிக்கு நோட்டை மூடி, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். அன்று ஏனோ கிளம்பவில்லை. ஸ்டூலைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குச் சேட்டு தன் ஜீப்பைச் சுற்றி வந்து எண்ணினான். ஐந்து பேர்தான் இருந்தார்கள். “எட்டு சேரல. வண்டி இல்ல” என்றான். அம்சவல்லி அங்கே இருப்பதைப் பார்த்து, “உன் ரூல்தான்க்கா” என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஐந்து பேரும் வண்டி இல்லையா என்று கேட்கக்கூட இல்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாதையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் பேர் சின்னக்குழந்தை. ஐம்பது வயதிருக்கும். முழங்காலில் துணி சுற்றியிருந்தது, கையில் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவர். அம்சவல்லி ஓடிப்போய் அவளைப் பிடித்தாள்.

“எங்க போற?”

“வூட்டுக்கு.”

“நெல்லிவாசலுக்கு நடந்தா? இந்தக் கால வச்சிக்கினா?”

“இன்னா புதுசா கேக்குற? வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு இப்டித்தான்.”

“எத்தினி நாளா?”

“நீ ரூலு போட்டதுலேருந்து.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்டிச் சொல்றது? வண்டி இல்லன்னு தெரியறது நாலு மணிக்கு. நீ மூணரைக்கே பூட்டிக்கினு போயிடுற. காலீல வந்து சொல்லலாம்னா, காலீல வண்டி கீது. சொல்றதுக்கு இன்னா கீது?” கோபமில்லாமல்தான் சொன்னாள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோல.

அம்சவல்லிக்கு முகம் சுட்டது. இரண்டு வருடம் குறையே வரவில்லை என்று பூரித்திருந்தாளே, குறை சொல்ல வேண்டியவர்கள் அந்த நேரத்தில் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கோவிந்தனுக்குப் போன் செய்து, “நெல்லிவாசல் வரைக்கும் போய்ட்டு வர்றேன், பைக் எடுத்துக்கினு அங்க வந்துடு” என்றாள். சின்னக்குழந்தையின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு மணி நேரப் பாதை, அன்று மூன்று ஆனது. சின்னக்குழந்தை ஒவ்வொரு ஏற்றத்திலும் நின்று காலைத் தேய்த்துக்கொண்டாள். உடன் வந்தவர்கள் அவளுக்காக நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை; எந்தப் பாறையில் உட்காருவது என்று கூட ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் சின்னக்குழந்தை சூடாகச் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். அம்சவல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கோவிந்தனும் வந்து உட்கார்ந்தான்.

பைக்கில் திரும்பும்போது, “கமிஷனரு இன்னா சொல்றாரு?” என்று அவன் கேட்டான்.

“சும்மா ஓட்டு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை டிரைவர்கள் ஒன்பது பேரையும் கடை முன்னால் கூட்டினாள். நாலு மணி ட்ரிப் இனிமேல் கட்டாயம் போக வேண்டும், இரண்டு பேர் இருந்தாலும் போக வேண்டும் என்றாள்.

சேட்டு குதித்தான். “எங்க இடுப்பு இன்னா இரும்பா? நீதான ஓய்வு வேணும்னு சொன்ன?”

“ஓய்வு வேணாம்னு நான் சொல்லலடா. யாரு தலைல அந்த ஓய்வு வுழுதுன்றதுதான் பேச்சு. பதினோரு மணிக்கு எப்டியும் பஸ்ஸு நெல்லிவாசல் போவுது. அந்த நேரத்துல மூணு ஜீப்பு காலியா ஏன் அது பின்னாடி ஓடுது? அத வுட்டுட்டு அப்ப படுங்க. சாயங்காலம் பஸ்ஸும் இல்ல, ஜீப்பும் இல்லன்னா அவங்க எங்க போவாங்க?”

“ரெண்டு பேர வச்சிக்கினு போனா டீசலுக்கே கட்டாது.”

“அதுக்குத்தான் முறை. ஒருத்தனுக்கு ஒன்பது நாளைக்கு ஒருக்காதான் கடைசி ட்ரிப்பு வரும்.”

அரை நாள் பேச்சு நடந்தது. ஏழு பேர் சரி என்றார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு மரக்காணத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். சேட்டு சரி என்றும் சொல்லவில்லை, போகவும் இல்லை. மூன்று வாரம் அவளோடு பேசாமல், முறை கேட்க வேண்டுமானால் காற்றைப் பார்த்து, “கமிஷனரம்மா இன்னா சொல்றாங்க?” என்று கேட்பான். அந்தப் பேர் ஸ்டாண்டில் ஒட்டிக்கொண்டது. கடையைப் பூட்டும் நேரத்தையும் அம்சவல்லி மாற்றினாள். கடைசி ஜீப் கண் மறைந்த பிறகுதான் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு குழுவில் அவளாகவே பேச்சை எடுத்தாள். சிக்னல் சரியாகத்தான் இருந்தது, பதில் தெரியாமல் போனை வைத்தேன் என்று முதலில் ஒப்புக்கொண்டாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். பிறகு நெல்லிவாசல் கதையைச் சொன்னாள்.

“அப்போ கமிஷனர மாத்தணும்னு ஒத்துக்கிறீங்களாக்கா?” என்றான் அருண்ராஜ் ஆசையாக.

“அது எப்டி? என்னிய மாத்திட்டு வேற ஆள வச்சிருந்தா, அவனும் மூணரைக்குப் பூட்டிக்கினு போயிருப்பான். கமிஷனரு ஒரு நாளு ரேணுகா அப்பா உக்காந்த சீட்ல, கடைசி வரிசைல, உக்காந்து பாக்கட்டும். அப்புறமும் திருந்தலன்னா மாத்துங்க.”

“அவரு வந்து உக்காருவாருன்னு நம்புறீங்களா?” என்று ரேணுகா கேட்டாள்.

“நம்பலதான். ஆனா நான் உக்காருவேன்னு எங்க ஸ்டாண்டுல யாரு நம்புனாங்க?”

அருண்ராஜ் ஓட்டெடுப்பு வைத்தான். மாற்ற வேண்டும் என்று இருபத்தேழு, வேண்டாம் என்று பதிமூன்று. ரேணுகா எதிர்க்கட்சியிலேயே இருந்தாள். அன்றிலிருந்து இருவரும் தனியாகவும் பேச ஆரம்பித்தார்கள். பாதிப் பேச்சு சண்டை, பாதி சமையல்.

மே மாதம் லீக்கின் கடைசிக் கட்ட ஆட்டங்கள் வந்தன. ஒரு காலை அம்சவல்லி ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. சேட்டு. கையில் இரண்டு டீ. ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தான்.

“பச்ச சட்ட எந்த ஊருக்கா?”

சொன்னாள். அவன் பச்சைச் சட்டையின் பக்கம் சேர்ந்துகொண்டான். அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் நாலு டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். நடுவர் பச்சைக்கு எதிராக விசில் ஊதியதும் சேட்டு கொதித்துப் போனான். “இன்னா அநியாயம் இது! இத கேக்கறதுக்கு ஆளே இல்லியா?”

“கமிஷனரு கீறாரு.”

“எந்தக் கமிஷனரு? மாத்துங்க அந்தாள!”

அம்சவல்லிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு அவனோடு மல்லுக்கு நின்றாள். முப்பது முதலாளியில் தொடங்கி, நானூறு ஆட்டக்காரர்களைத் தாண்டி, வாதம் சூடு பிடிக்கும்போது வளைவில் திருப்பத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. பச்சைச் சட்டை ஆறு புள்ளி பின்தங்கியிருந்தது. சேட்டு மனமில்லாமல் ஜீப்பை நோக்கி நடந்தான், நாலு அடிக்கு ஒரு தடவை திரும்பி, “ஸ்கோரு சொல்லுக்கா, ஸ்கோரு!” என்று கேட்டுக்கொண்டே.