சாக்கடைக்கு ஒரு தேவி

காக்ஸ் டவுனில் எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். வானம் இருட்டினால் தெருவுக்கு வந்து, சாக்கடையை மூடிய கல்பலகைமேல் குனிந்து காது கொடுப்பார்.

ஒரு மதியம், "என்ன கேக்குறீங்க, ஃபாதர்?" என்றேன்.

"பழைய ரோம்ல சாக்கடைக்கே ஒரு தேவி உண்டும்மா, குளோவாசினான்னு. கோயில் கட்டிக் கும்பிட்டாங்க. நாம கால்வாய் மேலயே வீடு கட்டிட்டோம்."

"நீங்களே அதை நம்புறீங்களா?"

"நம்பல. ஆனா பயமா இருக்கு. கீழ சத்தமே இல்ல, எங்கயோ அடைச்சிருக்கு. குழந்தைய மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடு."

சிரித்துக்கொண்டேதான் தூக்கிப் போனேன். கொட்டிய மழையில் சாயங்காலத்துக்குள் கூடத்தில் இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். வெறும் மரத்தொட்டில் அதில் மிதந்தது.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். அவர் முகத்தில் நிம்மதியே இல்லை.

"மழைக்காலம் இப்பத்தாம்மா ஆரம்பிக்குது" என்றார்.