தம்பிக்கு மருந்து உரைத்த கல்

மருந்து உரைக்கும் கல்லை நான் கீழே போட்டு உடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து மூன்று மாதம். தினமும் அவனைக் குளிப்பாட்டியதும் அம்மா அந்தக் கல்லில் சாதிக்காயையும் சுட்ட வசம்பையும் தாய்ப்பால் விட்டு உரைத்து, சங்கில் புகட்டுவாள். கல் உடைந்தது தெரிந்தால் என் முதுகு பழுத்துவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வடக்கே ஒரு ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். லீவில் வந்தபோது பஞ்சில் பொதிந்து ஒரு கல் கொண்டுவந்திருந்தார். வெளிர் மஞ்சள், வைரம் போன்ற மினுக்கு, ஒரு பக்கம் அறுத்து எடுத்தது போலத் தட்டை. எலுமிச்சை அளவுதான், தூக்கினால் கை இறங்கும். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி ஒப்பிப்பார்: பெயர் பாஸ்ஜெனைட், கார்பனேட் வகுப்பு, அதிலும் குளோரின் சேர்ந்த உட்பிரிவு, உலோகம் ஈயம், கடினம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, செப்புக் காசால் கீறலாம், மிக அரிது. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் முழுதும் மனப்பாடம்.

கடினம் குறைந்த கல் என்றால் நன்றாக உரையும். இதை நானாகவே கண்டுபிடித்தேன். மாமா ஒரு கல்யாணத்துக்காகக் காரியாபட்டி போயிருந்தார். உடைந்ததை ஒளித்துவிட்டு, அவருடைய கல்லை எடுத்துவந்து, மாமா உரைக்கச் சொன்னதாக அம்மாவிடம் கொடுத்தேன்.

“படிச்சவன் கொண்டாந்த கல்லுன்னா சும்மாவா? எம்புட்டு வழுவழுன்னு வருது பாரு” என்று அம்மா பூரித்தாள்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் கெமிக்கல் ரூமுக்குப் பொறுப்பு. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேன் வந்து இறக்கிவிட்டதும் கொல்லைப்புறத்தில் குளித்து, வேட்டி மாற்றி, நகக்கண்ணைக் காட்டினால்தான் தம்பியைத் தொட அனுமதி. அந்த விதியை எங்கள் வீட்டில் ஒருநாளும் யாரும் மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா திரும்பினார். உள்ளே வந்தவர் அம்மாவின் கையிலிருந்த சங்கைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதித் தெறித்தது. தம்பி வீறிட்டான்.

“ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பச்சப்புள்ள வாயில வைக்கப் போறதைத் தட்டி விடுதே!”

“அக்கா, இதுலயா உரைச்சே?”

“நீ குடுக்கச் சொன்னேன்னுல்ல இவ சொன்னா!”

“நானா? காரீயம்க்கா இது. வெசம்! எத்தனை நாளாக் குடுக்கே?”

அம்மா நான்கு விரல்களைக் காட்டினாள். அப்பா தம்பியை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். 

சிவகாசியில் டாக்டர் தம்பியின் நாக்கையும் வயிற்றையும் பார்த்தார். இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளக்கும் வசதி அப்போது அங்கே இல்லை. ஆகவே ஒன்றும் இல்லை என்று முடிவாயிற்று. பின்னாளில் அரசு ஆய்வகத்தில் சிறுபிள்ளைகளின் மூளையை மந்தமாக்கும் அந்த ஈயத்தை நானே எத்தனையோ பேரின் இரத்தத்தில் அளந்து, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன். தம்பியின் அறிக்கையில் மட்டும் கையெழுத்திட ஆளில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் சாவியை எங்கே வைத்தேன் என்று அவன் தேடத் தொடங்கினால், இந்த வயதிலும் அம்மாவின் முகம் வெளுத்துப்போகிறது.

அன்று மாலை அம்மா அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டையான பக்கத்தில் சிறு குழி விழுந்திருந்தது. கட்டைவிரலை அந்தக் குழிக்குள் வைத்து வைத்துப் பார்த்தாள். மாமாவின் அரிய கல் பாழாகிவிட்டதே என்று வருந்துகிறாள் போலும் என நினைத்தேன்.

“கொஞ்சந்தாம்மா தேஞ்சிருக்கு” என்றேன், அவளைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு.

அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை.