துண்டு துண்டாக வந்த படம்

நேற்று என் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். முழுதாகத் திறக்கும்வரை மங்கலாக இருக்குமே, அந்த ஒரு நொடியில் பயந்தே போனேன். பார்த்தால், அவள் சாப்பிட்ட பிரியாணி. சிரிக்காதீர்கள், என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த ஈமெயில் கடையில் எனக்கு வேலை. (இன்றும் சுக்குக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்காது.) அங்கே ஈமெயில் மட்டும்தான் போய்வரும், வெப்சைட் எதுவும் திறக்காது. யாருக்காவது ஒரு பக்கமோ படமோ வேண்டுமென்றால், அதன் முகவரியை எழுதி, எங்கோ வெளிநாட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு ஈமெயில் போடுவோம். அது எடுத்து, துண்டு துண்டாக்கி, ஈமெயிலிலேயே திருப்பி அனுப்பும். எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் படம் திறக்கும். தெருவில் என்னை எஞ்சினியர் என்றே நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை.

ஒருநாள் பக்கத்துப் பள்ளுருத்தியிலிருந்து செல்வி அக்கா வந்தார். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பலில் தீப்பிடித்துவிட்டது. பெயர் விவரம் இன்னும் வரவில்லை, தப்பியவர்களின் படம் மட்டும் வெப்சைட்டில் இருக்கிறது என்று, அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் முகவரி கொடுத்திருந்தார். அக்கா தன் கல்யாணப் படத்தை என் மேசையில் வைத்தார்.

கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை.

"இன்னொரு தடவ கேளு தம்பி. எங்க ஆபீசுல தெனமும் போயி நின்னாத்தான் காரியம் நடக்கும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. திரும்பத் திரும்பக் கேட்டோம். கடைசியில் வந்தது படமல்ல. இன்றைக்கு அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள், இனி நாளைக்குத்தான் என்று அந்தக் கம்ப்யூட்டர் எழுதியிருந்தது. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சுக்கு நெடியில் எனக்கு மூச்சு முட்டியது.

மறுநாள் துண்டுகள் வந்தன. சேர்த்துத் திறந்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். முதலில் வானம், பிறகு தலைகள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"உண்டா?"

"இதுவரைக்கும் இல்லக்கா."

நின்றவர்களின் தோள்வரை வந்தாயிற்று.

"அவரு பொக்கம் கொறஞ்ச ஆளாக்கும், என் தோளுக்குத்தான் வருவாரு. இன்னும் கீழ நோக்கு."

இடுப்புவரை வந்தது. அதற்கும் கீழே, கல்யாணப் படத்தில் இருந்த அதே முகம் இறங்கியது. கம்பளி போர்த்தித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கண்ணத் தொறங்க."

அவர் திறக்கவில்லை. "நல்லா நோக்கிட்டுச் சொல்லு," என்றார்.

இன்று அந்தக் கடையும் இல்லை, கிடங்கும் இல்லை. அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பதில் போடுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. இப்போது படம் முழுதாகவே வந்து விழுகிறது. இருப்பவரும் இல்லாதவரும் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கீழே பார் என்று சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.