கண்ணாடியைத் துடைக்கிற தம்பி

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த தம்பி தெற்கத்திப் பிள்ளை, கம்பெனியில் வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி. எதிரே பெண்பிள்ளைகள் வந்தால் அதைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர்கள் போன பிறகுதான் மாட்டுவார். என்னிடம் மட்டும் அப்படியில்லை. அக்கா என்று முகம் பார்த்துப் பேசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் படம் புள்ளி புள்ளியாக ஓடியது. நாங்கள் கேட்காமலே தம்பி மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்.

"தெரியுதாக்கா?"

"இன்னும் கொஞ்சம் தம்பி!"

படம் தெளிந்தது. நாடகத்தில் ஒரு கண்ணாடிக்காரப் பையன், பெண்ணிடம் பேச வாயெடுத்துக் கம்ப்யூட்டரைப் பற்றி உளறிக்கொண்டிருந்தான்.

"ஐயே, நம்ம மாடி வூட்டுத் தம்பி கணக்காவே கீறான் பாரு!" என்று நான்தான் கத்தினேன். வீடே சிரித்தது. தெரிகிறது என்று மேலே சொல்லக்கூட மறந்துவிட்டோம்.

சற்றுப் பொறுத்து அவரே இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வந்து குந்து தம்பி, நீயும் பாரு."

"இருக்கட்டும்க்கா. நீங்க சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. படம் தெளிஞ்சிட்டுன்னு வந்துட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடி கையில் இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாமி மாடத்தில் நான் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முருகா, அந்தப் பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை.