அப்பா அடித்துவிட்ட ஐந்தாவது கோரிக்கை

என் அப்பா அரசாங்கத்தில் வேலை பார்த்தது இருபத்தேழு வருஷம். பென்ஷன் வாங்குவது இது இருபத்தெட்டாவது வருஷம். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினேழு வருஷமாகத் தினக்கூலி. அதைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

அப்பா ஓய்வூதியர் சங்கம் ஒன்றில் செயலாளர். சங்கத்தின் மனுக்களைத் தட்டச்சு செய்து தருவது நான். பென்ஷனே வராதவன் எழுதினால் பென்ஷன் மனு எவ்வளவு உருக்கமாக வரும் என்பதை அந்தப் பெரியவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

தேர்தலுக்கு முன்பு வேட்பாளர் ஒருவர் சங்கத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். கடலோரம் கிளிஞ்சல்மேட்டுப் பையன்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். அம்பகரத்தூர்ப் பக்கம் வயலில் நிற்கிறவர்களுக்கே அறுபது தாண்டிவிட்டது. ஊரில் மிஞ்சியிருப்பது நரைத்த ஓட்டுதான் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவரிடம் கொடுக்கும் மனுவுக்கு அப்பா நான்கு கோரிக்கைகள் சொன்னார். அகவிலைப்படி, மருத்துவப்படி, பஸ்ஸில் முன் இருக்கை, வங்கியில் தனி வரிசை. ஐந்தாவதாக நானே ஒன்றைச் சேர்த்தேன். காலிப் பணியிடங்களை உடனே நிரப்ப வேண்டும். என் மகள் நர்ஸிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள்.

அப்பா படித்துப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்தார்.

“இது எதுக்குடா இங்க? நாம கேக்குறது கலஞ்சு போயிடும்.”

“உங்க பேத்திக்காகத்தாம்ப்பா.”

“அவளுக்கு வயசு இருக்கு. எங்களுக்கு இருக்கா?”

வயதாகிவிட்டதையே ஒரு தகுதியாக வைத்திருக்கும் மனிதரிடம் என்ன வாதாடுவது? நான்கோடு நிறுத்தி மறுபடி அச்செடுத்தேன். அன்றைக்கு எனக்கு அப்பா மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. படியேற முடியாத அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்தவள் என் மகள். வேட்பாளர் முன்வரிசை முழுக்கக் குனிந்து கால்களைத் தொட்டுக்கொண்டே வந்தார். அத்தனை பணிவை அவருடைய சொந்த அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டார். பிறகு மைக்கைப் பிடித்து, நீங்கள்தான் எங்களுக்குத் தெய்வம் என்றார். தெய்வங்கள் தலையாட்டின.

என் மகள் எழுந்தாள்.

“சார், ஆஸ்பத்திரியில நர்ஸ் போஸ்ட் எப்ப போடுவீங்க? இவங்களயெல்லாம் பாத்துக்க ஆள் வேணும்ல?”

அவர் சிரித்தார். “இது பெரியவங்க கூட்டம், அம்மாடி. உங்க மாதிரி பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வர்றேன்.”

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் அப்பாவும் தட்டினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மனுவின் நகல்களை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். தினக்கூலிக்கு வாய் இருந்தால் மறுநாள் வேலை இருக்காது.

வேட்பாளர் ஜெயித்தார். பிள்ளைகளுக்கான அந்த நாள் வரவேயில்லை. மூன்று மாதத்தில் மகள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள், டயபர் மாற்றுகிறாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேத்திக்கு போன் போடச் சொன்னார்.

“ஒரு மாசம் லீவு போட்டுட்டு வாம்மா.”

“லீவு போட்டா வேற ஆள வச்சிடுவாங்க தாத்தா. இங்க எட்டு பேருக்கு நான் ஒருத்திதான்.”

“ஏம்மா, இந்த ஊர்லயே உனக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தா என்னவாம் இவனுங்களுக்கு?”

அவள், “கால் ரெண்டுக்கும் நடுவுல தலகாணி வச்சுப் படுங்க தாத்தா. ஒருக்களிச்சுப் படுக்காதீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவரைப் பார்த்துக்கொள்ள நான்தான் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறேன். தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டும்போது அந்தக் கைதட்டல் நினைவுக்கு வரும், கோபம் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சோப்பு அவர் கண்ணில் பட்டுவிடாமல் நெற்றியில் கைவைத்து மறைத்துக்கொள்கிறேன்.